வாய் தவறிய ஷெர்லாக்

கேள்வி: நல்லதையே பேசிய நடிகரையும் ஒரு பழைய சொல்லுக்காக வறுத்தெடுப்பது நியாயமா?

பதில்: ‘ஷெர்லாக்’ தொடரின் நாயகன் பெனடிக்ட் கம்பர்பேட்ச் விவகாரம்தானே? 2015 ஜனவரியில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், பிரிட்டனில் கறுப்பின நடிகர்களுக்கு வாய்ப்புக் குறைவு என்று பரிந்துதான் பேசினார். அவர்களைக் குறிக்க வாயில் வந்ததோ ‘கலர்ட்’ (நிறத்தவர்). நிறவெறிக் காலத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில், கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய குடிதண்ணீர்க் குழாய்க்கு மேல் மாட்டியிருந்த பலகையில் இருந்த சொல் அது. சுருக்கென்று தைக்காதா? (1909-இல் தொடங்கிய கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்ஏஏசிபி-யின் பெயரிலேயே, ‘சி’ என்ற எழுத்தாக, அது இன்றும் இருப்பது தனிக்கதை.) கம்பர்பேட்ச் சப்பைக்கட்டு கட்டவில்லை, தன்னையே முட்டாள் என்று நொந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார். கறுப்பின நடிகர் டேவிட் ஓயலோவோகூட அவர் பக்கம் நின்றார். கண்டித்ததில் தப்பில்லை. ஆனால் அந்த அமளியில், அவர் எழுப்பிய வாய்ப்புப் பிரச்சினை பின்னுக்குப் போனதுதான் எனக்கு எரிச்சல்.