பதியன் கிளையும் தோல் மடலும்

எங்கள் எல்கடுவையில் மல்லிகைக்குப் பதியன் வைப்பவர்கள், கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, அது வேர் விட்ட பிறகே தாய்ச்செடியிலிருந்து வெட்டுவார்கள். முந்தி வெட்டினால் கிளை வாடிவிடும். சத்திரசிகிச்சையில் தோலை இடம் மாற்றுவதற்கும் இதே விதிதான்.

மெல்லிய தோலை முழுவதுமாக வெட்டியெடுத்து ஒட்டுவது 'தோல் ஒட்டு'. எலும்பு வெளியே தெரியும் காயத்தில் அது பிடிக்காது. அங்கே தேவைப்படுவது 'தோல் மடல்'. கொழுப்பும் குருதிக்குழாய்களும் சேர்ந்த தடித்த தோலை, ஒரு காம்பு விட்டுத் திருப்பி வைப்பார்கள். காம்பின் வழியே குருதி ஓடும் வரை மடல் உயிரோடிருக்கும்.

நெற்றித் தோல் மடலால் மூக்கு அமைக்கும் முறையை ஐரோப்பா கற்றது இந்தியாவிலிருந்து. 1792 ஆம் ஆண்டுப் போரில் மூக்கை இழந்த காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு, பூனா அருகே செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் நெற்றித் தோலால் புதிய மூக்கு அமைத்தார். கண்களுக்கிடையில் காம்பை விட்டுவைத்து, ஏறத்தாழ 25 ஆம் நாளே அதை வெட்டினார்கள். 1794 இல் இலண்டன் சஞ்சிகையொன்றில் இச்செய்தி வந்தது. ஜோசப் கார்ப்யூ 1814 இல் அங்கே இதே முறையைச் செய்து காட்டினார்.

இன்று வைத்தியர்கள் மடலின் ஓரங்களை முதலில் வெட்டி, ஏறக்குறைய இரண்டு வாரம் அதே இடத்தில் விட்டுவைப்பதும் உண்டு. குருதி குறைவதை உணர்ந்த மடலில், எஞ்சிய குழாய்கள் விரிகின்றன. அதன்பின் இடம் மாற்றினால் நுனி வரை பிழைக்கும். எலிகளில் செய்த பரிசோதனைகளும் இதைக் காட்டியுள்ளன.

நாடி கொண்டுவரும் குருதி நாளத்தின் வழியே வெளியேறவும் வேண்டும். தேங்கினால் மடல் ஊதா நிறமாகும். அப்போது சில மருத்துவமனைகளில் இதற்கென வளர்க்கும் நன்னீர் அட்டைகளை விடுவார்கள். அவற்றின் உமிழ்நீரிலுள்ள ஹிருடின் குருதியை உறையவிடாது. மழைக்காலத்தில் நம் காலைக் கடிக்கும் காட்டு அட்டையை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

விபத்தில் அடிபட்ட என் சாச்சாவின் மகனுக்குக் காலில் மடல் வைத்தபோது, தாதியர் மணிக்கொரு தடவை அதன் நிறத்தையும் சூட்டையும் பார்த்தது ஏன் என்று இப்போது விளங்குகிறது. அவருக்குச் சிகரெட்டையும் தடுத்தார்கள். நிக்கொட்டின் நுண்ணிய குருதிக்குழாய்களைச் சுருக்கிவிடும்.

பெற்றோரே, இத்தகைய நோயாளியைப் பார்க்கப் போனால் அருகிலிருந்து புகைக்காதீர்கள். கட்டை அழுத்தவும் வேண்டாம். மடல் கறுத்தாலோ குளிர்ந்தாலோ விடியும்வரை காத்திராமல் உடனே தாதியிடம் சொல்லுங்கள். சில மணிநேரத் தாமதமே ஒரு மடலை இழக்கப் போதும்.