முட்டை ஓட்டில் கோலம்: கணனியில் வரைந்து பார்ப்போம்

சென்ற வருடம் உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய வாரம், லிந்துலையில் நமது தையல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளோடு முட்டை அலங்காரம் செய்யப் புறப்பட்டோம். கணனி படிக்கும் ஒரு பிள்ளை அழகான பூப்படம் ஒன்றைத் தாளில் அச்சடித்துக் கொண்டு வந்தாள். பசை தடவி முட்டையைச் சுற்றி ஒட்டினோம். நடுவில் சரியாகத்தான் இருந்தது. மேலேயும் கீழேயும் தாள் சுருங்கி, மழையில் நனைந்த படங்குச் சாக்கு மாதிரி மடிப்பு மடிப்பாக ஆகிவிட்டது. அடுத்த முட்டையில் மடிப்பை அழுத்தப் போய் ஓடே நொறுங்கியது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்துக் கொண்டிருந்த ஒரு தாய் சிரித்தார். "என்ன புள்ள, சீலையை அப்படியே சுத்தினா சட்டையாகுமா? வெட்டித்தானே தைக்கணும்!"

நாம் கணனிப் புத்தகத்தில் தேடிக் கொண்டிருந்ததை அவர் வாசற்படியில் நின்றே சொல்லிவிட்டார்.

தாள் ஒரு பக்கமாகத்தான் வளையும். பால்மா டின்னைச் சுற்றி ஒட்டலாம். முட்டையோ எல்லாப் பக்கமும் வளைந்தது. பாடசாலையில் பழைய பூகோள உருண்டை இருந்தால் உற்றுப் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் படம் ஒரே தாள் அல்ல. இரு முனையும் கூராக, நடு அகலமாக, இலை இலையாக வெட்டி ஒட்டியது. முட்டைக்கும் அதே வழிதான்.

இதே சிக்கலில் பெரிய படிப்புப் படித்தவர்களும் மாட்டியிருக்கிறார்கள். உக்ரேன் நாட்டில் முட்டையில் மெழுகால் கோடு போட்டுச் சாயம் ஏற்றும் கலை ஒன்று தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அதற்குப் 'பிசங்கா' என்று பெயர். 'எழுதுதல்' என்ற பொருள் தரும் சொல்லில் இருந்து வந்தது. (நாமும் சித்திரம் எழுதினார்கள் என்றுதானே சொல்கிறோம்!) 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தனது மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. உக்ரேனில் இருந்து பிழைப்புத் தேடிக் கனடாவுக்குப் போன குடும்பங்கள் கையோடு இதையும் கொண்டு போனார்கள். அவர்கள் குடியேறிய ஊர்களில் ஒன்றான வெக்ரவில்லில் 1975இல் ஒரு பெரிய பிசங்கா முட்டையை அலுமினியத்தில் செய்து நிறுத்தினார்கள். நீளம் 25 அடிக்கு மேல், அகலம் 18 அடி. முட்டை வடிவத்தைத் தட்டையான தகடுகளால் எப்படி மூடுவது என்பதற்கு ஆயத்தமான கணக்கு இருக்கவில்லை. ரொனால்ட் ரெஷ் என்ற கணனி அறிஞர்தான் கணனியில் கணக்குப் போட்டு வழி கண்டார். 2,208 முக்கோணத் தகடுகள், 524 நட்சத்திரத் தகடுகள். தகடுகள் சேரும் கோணத்தை முனைக்குப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள்.

நமக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். ஒரு நூலும் அடிமட்டமும் போதும்.

முட்டையின் இடுப்பை, அதாவது மிகப் பருத்த இடத்தை, நூலால் சுற்றி அளவுங்கள். நாம் எடுத்த முட்டையில் 136 மி.மீ. வந்தது. அங்கிருந்து கூர்ப் பக்கம் 2 செ.மீ. தள்ளிச் சுற்றினால் 104. மொட்டைப் பக்கம் 2 செ.மீ. தள்ளினால் 96. ஒவ்வொன்றையும் 8ஆல் பிரியுங்கள்: 17, 13, 12. பிறகு இடுப்பிலிருந்து மொட்டை முனை வரை நூலை வைத்துப் பாருங்கள்; நமக்கு 37 வந்தது. கூர்முனை வரை 42. இவ்வளவும் தெரிந்தால் ஓர் இலையின் அளவு கையில் இருக்கிறது. உங்கள் முட்டை வேறாக இருக்கும். நமது இலக்கத்தைப் பார்த்து எழுதாமல் நீங்களே அளவுங்கள்.

இனிக் கணனிக்கு வருவோம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம். ஒரு தடவை இறக்கிக் கொண்டால் பிறகு இன்டர்நெட் தேவையில்லை. மழைக்காலத்தில் சிக்னல் இல்லாத நமது மலைகளுக்கு அது பெரிய உதவி. முதலில் தாளின் அளவை ஏ4 என்றும் அலகை மி.மீ. என்றும் வையுங்கள். மேலே தெரியும் அளவுகோலில் இருந்து மவுஸால் இழுத்தால் வழிகாட்டிக் கோடு வரும். 0, 17, 37, 57, 79 மி.மீ. ஆகிய இடங்களில் ஐந்து குறுக்குக் கோடுகள் போடுங்கள். நெடுக்காக நடுக்கோடு ஒன்று. முதல் கோட்டிலும் கடைசிக் கோட்டிலும் அகலம் ஒன்றுமில்லை, வெறும் புள்ளி. நடுவில் மூன்றிலும் அகலம் 12, 17, 13. இந்தப் புள்ளிகளைப் பேனாக் கருவியால் வளைவாக இணைத்தால் இலை வந்துவிடும்.

அதற்குள் என்ன வரைவது? இங்கேதான் பிள்ளைகள் இன்டர்நெட்டில் முயல் படம் தேடப் போகிறார்கள். வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். அம்மாவைக் கூப்பிடுங்கள். மார்கழியில் லயத்து வாசலில் புள்ளி வைத்து இழுக்கிற கோலத்தைவிட முட்டைக்குப் பொருத்தமான படம் வேறில்லை. அது ஒன்றும் கணனிக்கு அந்நியமான பொருளும் அல்ல. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர், புள்ளிக் கோலங்களைக் கணனி விளங்கிக் கொள்ளும் இலக்கண விதிகளாக எழுதலாம் என்று 1974இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நம் தாய்மார் கையில் இருந்த கணக்கு அது. "எனக்குக் கணனி தெரியாதுங்க" என்று ஒதுங்கி நிற்கும் அக்காமாருக்கு இதைச் சொல்லித்தான் கதிரையில் உட்கார வைத்தோம். மவுஸை மகள் பிடிக்கட்டும், இழை எங்கே திரும்ப வேண்டும் என்று அம்மா சொல்லட்டும். மவுஸ் வராவிட்டால் வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் கோலத்தைப் போட்டு, பகல் வெளிச்சத்தில் ஃபோனில் படம் பிடித்துக் கணனிக்கு அனுப்புங்கள். பாத் மெனுவில் உள்ள ட்ரேஸ் பிட்மெப் அதைக் கோடுகளாக மாற்றித் தரும்.

இலையில் பாதியை மட்டும் வரையுங்கள். அதைத் தெரிவு செய்து கொன்ட்ரோல் சாவியோடு டி அழுத்தினால் பிரதி வரும். எச் அழுத்தினால் அது கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பும். அதை நகர்த்தி மறுபாதியில் வையுங்கள். இப்படிச் செய்வதில் வேலை குறைவதோடு இன்னொரு நன்மையும் உண்டு. இடது ஓரத்தில் இழை எந்த உயரத்தில் வெளியே போகிறதோ, வலது ஓரத்திலும் அதே உயரத்தில்தான் வரும். எட்டு இலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது கோலம் அறாமல் முட்டையைச் சுற்றி ஓடும். நமது முதல் வடிவத்தில் இதைக் கவனிக்கவில்லை. எட்டு இடத்தில் இழை அறுந்து நின்றது.

இலையையும் கோலத்தையும் கொன்ட்ரோல், ஜி அழுத்தி ஒன்றாகக் கட்டுங்கள். இப்போது ஆல்ட் சாவியோடு டி. இது வெறும் பிரதி அல்ல, குளோன். ஏழு குளோன் எடுத்து 17 மி.மீ. இடைவெளியில் வரிசையாக வையுங்கள். பிறகு மூல இலையில் ஒரு பூவைப் பெரிதாக்கினால் மற்ற ஏழிலும் தானாகப் பெரிதாகும். பிடிக்காவிட்டால் கொன்ட்ரோல், இசட் அழுத்திப் பின்னால் வரலாம். கணனியில் பத்துத் தடவை பிழை விட்டாலும் செலவில்லை. முட்டையில் ஒரு பிழை விட்டால் பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாடு.

அச்சடிக்கும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற வசதியை எடுத்துவிட்டு 100 வீதத்தில் அடியுங்கள். வெட்டு முன் அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். எட்டு இலையின் இடுப்பும் சேர்ந்து 136 இருக்க வேண்டும். குறைந்தால் கணனி சுருக்கிவிட்டது. லேசர் அச்சு பசை ஈரத்தில் கலங்காது, மை அச்சு கலங்கும். தாள் மெல்லியதாக இருக்கட்டும். இலைகள் இடுப்பில் ஒட்டியிருக்கும்படி விட்டு, மேலும் கீழும் மட்டும் வெட்டி ஒட்டுங்கள்.

ஒட்டுவதற்கு முட்டையை முதலே வெறுமையாக்க வேண்டும். கழுவி, இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, கருவைக் கலக்கி ஊதி எடுங்கள். எடுத்ததை அன்றைக்கே நன்றாகப் பொரித்து ரொட்டியோடு கொடுத்துவிடுங்கள். வாயையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

தாள் ஒட்ட விரும்பாதவர்கள் அச்சின் பின்புறம் பென்சில் தேய்த்து, ஓட்டில் வைத்துக் கோட்டின் மேல் மெல்ல வரைந்து இறக்கலாம். பென்சிலின் நுனியில் குண்டூசியைச் செருகி, அதன் தலையை உருகிய மெழுகில் தொட்டுப் புள்ளியும் கோடும் வையுங்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் பிடிக்காது. சாயத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். கொதிக்க வைத்த தேயிலைச் சாயம் மண்ணிறம் தரும், மஞ்சள் தூள் மஞ்சள், வெங்காயத் தோல் செம்மண் நிறம். சிவப்புக் கோவாவை அவித்த தண்ணீரில் வினாகிரி விட்டால் சிவப்பாகத் தெரியும், ஆனால் ஓட்டில் நீலம் ஏறும். பிள்ளைகள் நம்ப மறுத்தது இதைத்தான். எல்லாச் சாயமும் நன்றாக ஆறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு உருகிவிடும். சாயம் போடுவதற்கு முட்டையை முழுதாகவே வைத்திருங்கள். வெறும் ஓடு தண்ணீரில் மிதந்து பாதிதான் நனையும். கடைசியாக வெறுமையாக்கி, மெழுகுவர்த்திச் சுடரின் பக்கத்தில், மேலே அல்ல, காட்டித் துணியால் துடைத்தால் கோலம் வெள்ளையாகத் தெரியும்.

வேலை முடிந்ததும் கோப்பைச் சேமித்து, பெயரில் முட்டையின் அளவையும் எழுதி வையுங்கள், 'கோலம் 136' என்று. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்கு வருகிறவர்களிடம் விற்கலாம் என்று சில அக்காமார் பேசிக் கொள்கிறார்கள். அப்போது அதே அளவு முட்டை கிடைத்தால், மறுபடி நூல் பிடிக்காமல் நேரே அச்சடிக்கலாம்.