ஆண்ட்ராய்டு 15: கைப்பேசிக்குப் புதிய காவல்

வீட்டின் கதவுக்கு உறுதியான பூட்டு இருந்தால் மட்டும் போதாது. கதவு திறந்திருக்கும் வேளையில் அன்னியன் உள்ளே புகுந்துவிட்டால் அப்பூட்டினால் யாதொரு பயனும் இல்லை. இவ்வெளிய உண்மை ஸ்மார்ட்போன் எனப்படும் கைப்பேசிக்கும் பொருந்துவதாகும். கைரேகையாலோ இரகசிய எண்ணாலோ பூட்டப்பட்ட கைப்பேசி திருடனுக்கு அதிகம் உதவுவதில்லை. ஆனால் உரிமையாளர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்பொழுது, அதாவது பூட்டுத் திறந்திருக்கும்பொழுது, கையிலிருந்து பறிக்கப்படுமாயின் நிலைமை முற்றிலும் வேறாகிறது.

முன்னாளில் கைப்பேசி திருடுபோனால் இழப்புப் பெரும்பாலும் அக்கருவியின் விலையோடு நின்றுவிட்டது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டில் யு.பி.ஐ. பணப்பரிமாற்ற முறை வந்தபின், கைப்பேசியே பணப்பையாகவும் வங்கிப் புத்தகமாகவும் ஆகிவிட்டது. பணம் அனுப்புவதற்குத் தனி இரகசிய எண் உண்டு என்பது மெய்யே. எனினும் ஒருவருடைய மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் திறந்த நிலையில் கிடைத்தால், அவற்றைக்கொண்டு அவருடைய பல கணக்குகளின் கடவுச்சொற்களையே மாற்றிவிட இயலும். ஆகவே இன்றைய திருடனுக்குக் கருவியைவிடக் கருவியினுள் இருப்பதே பெரும்பொருளாகும்.

இந்த அபாயத்தைக் கருத்திற்கொண்டு கைப்பேசி மென்பொருளில் செய்யப்பட்ட மாறுதல்கள் பல, கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு 15 ஆம் பதிப்பையொட்டி வந்தன. இப்பதிப்பின் மூலநிரல் 2024 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. அக்டோபர் 15 முதல் அந்நிறுவனத்தின் பிக்சல் கைப்பேசிகளுக்குக் கிடைத்தது. ஏனைய நிறுவனங்களின் கருவிகளுக்குப் பின்னர் படிப்படியாக வந்து சேர்ந்தது. 2025 ஜூனில் 16 ஆம் பதிப்பும் வெளிவந்துவிட்டதெனினும், காவல் முறைகளின் அடிப்படையை அறிவதற்கு 15 ஆம் பதிப்பே ஏற்ற பாடமாகும்.

இயக்க அமைப்பின் பணி

கைப்பேசியில் ஒரே சமயத்தில் பல செயலிகள் இயங்குகின்றன. காமிரா, ஒலிவாங்கி, நினைவகம், திரை ஆகிய உறுப்புக்களை இவற்றுள் எது, எப்பொழுது, எவ்வளவு உபயோகிக்கலாம் என்பதை நிர்ணயிக்கும் அடிப்படை மென்பொருளே இயக்க அமைப்பு. செயலிகள் யாவும் அதனிடம் அனுமதி பெற்றே எதையும் செய்ய இயலும். ஆதலின் காவற்பணிக்கு அதுவே தக்க இடம். ஒவ்வொரு வங்கியும் தன் செயலியில் தனித்தனியே காவல் அமைப்பதைக் காட்டிலும், எல்லாச் செயலிகளுக்கும் அடியில் நிற்கும் இயக்க அமைப்பே காவல் புரிவது சிறந்த முறையாகும்.

முதன்முதலாக 2008 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி முதல் இன்றுவரை, இக்காவல் பெரும்பாலும் ஒரு கேள்வியையே கேட்டுவந்தது: “பூட்டைத் திறப்பவர் உரிமையாளர்தாமா?” என்பதே அது. இப்புதிய முறைகள் மற்றொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கின்றன: “திறந்தபின்பும் இது உரிமையாளரின் கையில்தான் இருக்கிறதா?”

பறிப்பை உணர்தல்

உயிரற்ற கருவி தன்னை ஒருவன் பறித்தான் என்பதை எங்ஙனம் அறியும்? இதற்குத் துணைபுரிவது முடுக்கமானி என்னும் சிறு உறுப்பாகும். சிலிக்கானில் செதுக்கப்பட்ட மிக நுண்ணிய எடை ஒன்று, அதே பொருளாலான சுருள்களைப் போன்ற மெல்லிய பட்டைகளால் தாங்கப்பட்டிருக்கும். கருவி திடீரென அசையுங்கால் அவ்வெடை சற்றே பின்தங்கும். அப்பொழுது அதற்கும் அருகிலுள்ள நிலையான தகடுகளுக்கும் இடையேயுள்ள தூரம் மாறும். அதனால் மின்தேக்குதிறனும் மாறும். இம்மாற்றத்தை அளந்தால் முடுக்கம் தெரிந்துவிடும். மேல்கீழ், இடவலம், முன்பின் ஆகிய மூன்று திசைகளிலும் இவ்வாறு அளக்கப்படுகிறது.

மேசைமீது அசையாது கிடக்கும் கைப்பேசியில் இம்மானி புவியீர்ப்பை மட்டும் காட்டும். அதன் அளவு வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 9.8 மீட்டர். கையில் ஏந்தியிருப்பின் அவ்வளவைச் சுற்றிச் சிறு நடுக்கங்கள் தோன்றும். கை தவறி விழுந்துகொண்டிருக்கும்பொழுது அளவு பூஜ்யத்தை நெருங்கும். பறிப்பிலோ வேறொரு வரிசை காணப்படுகிறது. முதலில் திடீரென ஒரு வலிய இழுப்பு. அதையடுத்து ஓடுபவனின் காலடித் தாளம், அல்லது வாகனத்தின் அதிர்வும் வேகமும். இவ்வரிசையை இயந்திரக் கற்றல் முறையினால் பயிற்றப்பட்ட நிரல் ஒன்று கைப்பேசியினுள்ளேயே கண்டுகொள்கிறது. வை-ஃபை இணைப்பும், கைக்கடிகாரம் போன்ற துணைக்கருவிகளின் இணைப்பும் எந்நிலையில் உள்ளன என்பதையும் அது கணக்கில் கொள்ளுகிறது. பறிப்பென்று தோன்றிய மாத்திரத்தில் திரை பூட்டப்படுகிறது.

இங்கு ஓர் ஐயம் எழக்கூடும். பேருந்தைப் பிடிக்க ஓடுபவரின் கைப்பேசியையும் இது பூட்டிவிடாதா? அவ்வாறு நிகழ்தல் கூடும். ஆனால் இரு பிழைகளின் விளைவையும் ஒப்புநோக்க வேண்டும். பறிப்பு இல்லாதபொழுது பூட்டிவிட்டால், உரிமையாளர் விரலை ஒருமுறை வைத்துத் திறந்துகொள்வார். அவர் இழப்பது சில வினாடிகளே. பறிப்பு நிகழ்ந்தும் பூட்டாதுபோயின், அவருடைய சேமிப்பே பறிபோகலாம். ஒரு பிழை சிறிதும் மற்றது பெரிதுமாக இருக்கையில், சிறு பிழையின் பக்கம் சாய்ந்து நிற்பதே காவல் சாதனங்களுக்கு ஏற்ற நெறியாகும்.

இணைப்பு அறுபடுங்கால்

கைப்பேசியைக் கவர்ந்தவன் செய்யும் முதற்காரியங்களுள் ஒன்று, அதன் இணைய இணைப்பைத் துண்டிப்பதாகும். இணைப்பு இல்லையேல் உரிமையாளர் தொலைவிலிருந்து அதைத் தேடவோ பூட்டவோ இயலாது. திருடனின் இத்தந்திரத்தையே எச்சரிக்கையாகக் கொள்ளுகிறது இரண்டாவது முறை. திறந்த நிலையில் உபயோகத்திலிருக்கும் கைப்பேசி இணைப்பை இழந்து அவ்வாறே நீடிக்குமானால், அது தானாகவே திரையைப் பூட்டிக்கொள்கிறது. இணைப்புக் குறைவாக உள்ள இடங்களில் இது தொல்லையாகாதவாறு, ஒரு நாளில் இருமுறைக்கு மேல் இவ்வாறு பூட்டுவதில்லை.

இணைப்பு அறுபடாதிருப்பின் மூன்றாவது முறை உதவுகிறது. முன்பெல்லாம் தொலைவிலிருந்து பூட்டுவதற்குக் கூகுள் கணக்கின் கடவுச்சொல் தேவைப்பட்டது. கைப்பேசியைப் பறிகொடுத்துத் திகைத்து நிற்பவருக்கு அது நினைவுக்கு வருவது அரிது. இப்பொழுது முன்னரே இவ்வசதியை இயக்கி வைத்திருப்பவர், அருகிலிருப்பவரின் கைப்பேசியில் தம் தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்து, ஒரு சிறு சோதனையையும் முடித்தால் தம் கருவியின் திரையைப் பூட்டிவிடலாம்.

இரகசிய எண்ணை அறிந்த திருடன்

தேநீர்க்கடையிலோ இரயில் பெட்டியிலோ ஒருவர் இரகசிய எண்ணை அழுத்துவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு, பின்பு கருவியைக் கவர்பவர்களும் உண்டு. இவர்கள் முன் மேற்கூறிய பூட்டுக்கள் நில்லா. இதற்கு மாற்றாக 2025 ஜனவரியில் ஓர் அடையாளச் சோதனை முறை அறிவிக்கப்பட்டது. 15 ஆம் பதிப்பையுடைய பிக்சல் கைப்பேசிகளுக்கும், சாம்சங் நிறுவனத்தின் சில கருவிகளுக்கும் அது முதலில் வந்தது. வீடு, அலுவலகம் என உரிமையாளர் குறித்துவைத்த இடங்களுக்கு வெளியே, பூட்டின் எண்ணை மாற்றுதல், சேமித்த கடவுச்சொற்களைப் பார்த்தல், திருட்டுக் காவலை நிறுத்துதல் முதலியவற்றுக்கு எண் மட்டும் போதாது. கைரேகையோ முகமோ கட்டாயம் வேண்டும். ஆப்பிள் நிறுவனம் இதையொத்த காவலை 2024 ஜனவரியில் தன் ஐஓஎஸ் 17.3 பதிப்பில் சேர்த்தது. அதில் மிக முக்கியமான சில மாறுதல்களுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். அக்காலத்துக்குள் உரிமையாளர் விழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

கருவியை முற்றிலும் அழித்துப் புதியதுபோல் விற்பதைத் தடுக்கும் ஏற்பாடு 2015 இல் வந்த 5.1 ஆம் பதிப்பிலேயே இருந்தது. அதைத் தாண்டுவதற்குத் தொடக்க அமைப்புத் திரைகளைத் தந்திரமாகக் கடந்துவிடும் வழிகளைத் திருடர்கள் கண்டிருந்தனர். அத்திரைகளைக் கடந்தாலும் காவல் நீங்காதவாறு 15 ஆம் பதிப்பு செய்துள்ளது.

கண்ணுக்குத் தெரியாத கை

கைப்பேசி உரிமையாளரின் கையிலேயே இருக்கும்பொழுதும், அதனுள்ளிருக்கும் பொருளை மற்றொருவன் கவர்ந்து செல்லுதல் கூடும். வங்கியின் பெயராலோ அழைப்பிதழ் என்ற பெயராலோ வரும் ஒரு கோப்பைத் தொட்டவுடன் தீய செயலி ஒன்று குடியேறுகிறது. அது அறிவிப்புக்களைப் படிக்கும் அனுமதியைக் கேட்கிறது. விளைவறியாது அனுமதித்தால், ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேர்ந்ததும் அது அப்பால் அனுப்பப்பட்டுவிடும்.

15 ஆம் பதிப்பில் ஓர் அறிவிப்பினுள் ஒருமுறைக் கடவுச்சொல் இருப்பதாகத் தெரிந்தால், நம்பிக்கைக்குரியவை அல்லாத செயலிகளுக்கு இயக்க அமைப்பு அதை மறைத்தே காட்டுகிறது. திரையைப் பிறருடன் பகிரும்பொழுதும் அறிவிப்புக்களின் உள்ளடக்கமும், கடவுச்சொல் எழுதும் இடமும் எதிர்ப்பக்கத்தாருக்குத் தெரிவதில்லை. உதவி செய்வதாகக் கூறித் திரையைப் பகிரச் செய்யும் மோசடிக்காரர்களுக்கு இது ஒரு தடையாகும்.

எனினும் இதன் எல்லையையும் அறிதல் அவசியம். குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி வேறு. அறிவிப்புக்களைப் படிக்கும் அனுமதி வேறு. முன்னதை ஒரு செயலிக்கு வழங்குவதும் மறுப்பதும் உரிமையாளரின் பொறுப்பேயாகும். கடவுச்சொல்லை அவரே தொலைபேசியில் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், எந்த மென்பொருளும் அதைத் தடுக்க இயலாது.

அறைக்குள் ஓர் அறை

ஒரே கைப்பேசியைக் குடும்பத்தார் பலரும் கையாளும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. விளையாட்டுக்காகக் குழந்தையிடம் கொடுப்பதும் இயல்பே. இத்தகையோருக்கு இப்பதிப்பில் உள்ள தனியறை வசதி பயன்படும். வங்கி, மருத்துவம் போன்ற செயலிகளை இவ்வறையில் நிறுவி, அதற்கு வேறொரு பூட்டையும் இடலாம். அறை பூட்டப்பட்டிருக்கும்வரை அதனுள் இருக்கும் செயலிகள் இயங்கா. அவற்றின் அறிவிப்புக்களும் தோன்றா. அப்படியோர் அறை உள்ளதென்பதையே மறைத்துவைக்கவும் இயலும்.

பழைய கருவிகளின் நிலை

இவ்வளவும் புதுக் கைப்பேசி வாங்குவோர்க்கு மட்டுந்தானா என்னும் வினா நியாயமானதே. பறிப்பை உணர்தல், இணைப்பு அறுந்தால் பூட்டுதல் ஆகிய இரண்டும் இயக்க அமைப்போடு பிணைக்கப்படாமல், கூகுள் பிளே சேவைகள் வாயிலாக 10 ஆம் பதிப்பு முதற்கொண்டு வழங்கப்பட்டன. தொலைவிலிருந்து பூட்டும் முறையும் அவ்வாறே. ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கருவிகள் பலவற்றிலும் இவை கிடைக்கும். ஆனால் ஒருமுறைக் கடவுச்சொல்லை மறைத்தலும் தனியறையும் 15 ஆம் பதிப்பு வந்த கருவிகளிலேயே உண்டு.

இதனால் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டாகிறது. 2023 இல் வந்த பிக்சல் 8, 2024 இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் 24 ஆகிய விலையுயர்ந்த கருவிகளுக்கு 7 ஆண்டுகள் வரை புதுப்பித்தல் அளிப்பதாக அந்நிறுவனங்கள் உறுதி கூறியுள்ளன. விலை குறைந்த கருவிகள் பலவற்றுக்கு அக்காலம் மிகக் குறைவு. சிறு சேமிப்பை முழுவதும் கைப்பேசியில் நம்பிவைப்பவர்கள் பெரும்பாலும் இத்தகைய கருவிகளையே உபயோகிக்கின்றனர். ஆதலின் கைப்பேசி வாங்குவோர் காமிராவின் திறனை விசாரிப்பதுபோலவே, புதுப்பித்தல் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதையும் விசாரித்தறிதல் நலம்.

உரிமையாளர் செய்யவேண்டுவன

இக்காவல் முறைகள் கருவியில் இருப்பதனாலேயே இயங்கிவிடும் என்று எண்ணுதல் தவறு. அமைப்புக்கள் பகுதியில் கூகுள் என்ற தலைப்பின்கீழ்த் திருட்டுக் காவல் என்பதைத் தேடி, ஒவ்வொன்றும் இயக்கத்தில் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். கைப்பேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கருவிக்கு வெளியே ஒரு தாளில் குறித்துவைத்தல் வேண்டும். *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். கருவி களவுபோனால் போலீசில் புகார் கொடுத்தபின், தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதத்தில் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தின் வாயிலாக அவ்வெண்ணைத் தடைசெய்துவிடலாம். பின்பு அக்கருவி நாட்டின் எந்தத் தொலைபேசி வலையமைப்பிலும் இயங்காது. பணம் மோசடியாக எடுக்கப்பட்டிருப்பின் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவித்தல் வேண்டும். பணம் கைமாறிச் செல்வதற்கு முன் அதை நிறுத்திவைக்க அவ்விரைவே துணை.

காவற்காரனை நியமித்த பின்னரும் படுக்கைக்குச் செல்லுமுன் கதவைச் சரிபார்ப்பது இல்லத்தார் வழக்கம். இயக்க அமைப்பு எவ்வளவு விழிப்புடன் இருப்பினும், எந்தச் செயலிக்கு அனுமதி அளிப்பது, எவரிடம் எண்ணைச் சொல்வது என்னும் முடிவு உரிமையாளரிடமே உள்ளது. பறித்தவுடன் கிடைக்கும் சில வினாடிகளைத் திருடனிடமிருந்து மீட்டு உரிமையாளருக்குத் தருவதே இப்புதிய முறைகளின் பயனாகும். அவ்வினாடிகள் வீணாகாதிருக்க, இம்முறைகளை இன்றே இயக்கிவைத்தல் வேண்டும்.