வென்றவர்கள் வாசலுக்கு வெளியே: போலந்தின் கூட்டணிக் கணக்கு

நம் சங்க நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடக்கும் வாசகர் வட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அங்கிள், ஒரு சர்க்காரை எதிர்த்து ஜனங்க எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து ஜெயிச்சுடறாங்க. ஜெயிச்ச உடனே அந்தக் கூட்டமே ஏன் உடைஞ்சு போயிடுது?"

நல்ல கேள்வி. அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. நான் அரசியல் படித்தவன் அல்லன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, சார்ஜ்மேனாக ரயில்வேயில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை ஒர்க்‌ஷாப்பிலேயே காலம் தள்ளியவன். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும். ஆகவே அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதைக் கணக்காகவே இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட நாடு போலந்து. காரணம் உண்டு. அந்த நாட்டுப் போராட்டத்தின் தலைவர் லெக் வலேசா, க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் எலெக்ட்ரீஷியன். 1980-இல் அவர் பெயர் பத்திரிகைகளில் வந்தபோது நான் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். நம் தொழில்காரர் ஒருவர் ஒரு சர்க்காரையே உட்காரவைத்துப் பேசுகிறாரே என்று எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு பெருமை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980 ஆகஸ்ட் 31-இல் வேலைநிறுத்தக்காரர்களுக்கும் கம்யூனிஸ்ட் அரசுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதிலிருந்து பிறந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தில் ஓராண்டுக்குள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். 1981 டிசம்பர் 13-இல் ராணுவச் சட்டம் வந்தது. சங்கம் தடை செய்யப்பட்டது. ஆனாலும் அழியவில்லை. 1989 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வட்டமேஜைப் பேச்சு நடந்தது. அதில் கண்ட உடன்பாட்டின்படி, கீழ்சபையான சேய்மில் 460 இடங்களில் 161-க்கு மட்டும் சுதந்திரமான போட்டி; புதிதாக அமைந்த செனட்டில் 100 இடங்களுக்கும் போட்டி. ஜூன் மாதம் தேர்தல். சாலிடாரிட்டி அந்த 161-ஐயும் வென்றது, செனட்டில் 99.

இங்கே பொறுமையாகக் கவனிக்க வேண்டும். 161 என்பது 460-இல் 35 சதவீதம்தான். பிறகு எப்படி ஆட்சி அமைத்தார்கள்? கம்யூனிஸ்ட் கட்சியோடு நாற்பது வருடமாக ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு சிறு கட்சிகள், விவசாயிகள் கட்சியும் ஜனநாயகக் கட்சியும், பக்கம் மாறின. 1989 ஆகஸ்ட் 24-இல் சாலிடாரிட்டியின் ததேயுஷ் மசோவியெட்ஸ்கி பிரதமரானார். அதாவது, புரட்சி வென்ற முதல் நாளிலேயே அது ஒரு கூட்டணி ஆட்சி. பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். ஒரு கோடிப் பேர் கொண்ட அமைப்பில் யார் யார் இருந்தார்கள்? கப்பல் தளத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி, தேவாலயத்தை நம்பிய கத்தோலிக்கர், மத நம்பிக்கை இல்லாத இடதுசாரிப் பேராசிரியர், தனியார் தொழில் வேண்டும் என்ற தாராளவாதி. "இந்த ஆட்சி வேண்டாம்" என்பதில் இவர்கள் அனைவரும் ஒரு மனம். "எந்த ஆட்சி வேண்டும்" என்ற கேள்வி 1989 வரை எழவே இல்லை; எழ அவசியமும் இருக்கவில்லை.

அது 1990 ஜனவரி 1-ஆம் தேதி எழுந்தது. நிதியமைச்சர் பால்செரோவிச்சின் திட்டம் அன்றுதான் அமலுக்கு வந்தது. விலைக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீங்கின, மானியங்கள் வெட்டப்பட்டன. அந்த ஆண்டின் சராசரி விலைவாசி முந்தைய ஆண்டைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். வேலையின்மை என்ற சொல்லையே அறியாத நாட்டில், 1993 முடிவில் வேலையற்றோர் 16 சதவீதத்தைத் தாண்டினார்கள். முதலில் அடிபட்டது யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய அரசுத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள்; வேலைநிறுத்தம் செய்து அந்த ஆட்சியைக் கொண்டுவந்தவர்களே அவர்கள்தாம். தொழிற்சங்கம் தன் சொந்த அரசாங்கத்துக்கு எதிராக நிற்க வேண்டிய நிலை. இதில் யாரையும் துரோகி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு தரப்பும் தத்தம் கடமையைத்தான் செய்தன.

ஆனால் தலைவர்களிடையே மூண்ட சண்டைக்கு அந்த நியாயம் கிடையாது. 1990 கடைசியில் ஜனாதிபதி தேர்தலில் வலேசாவும் மசோவியெட்ஸ்கியும் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றார்கள். நேற்றுவரை ஒரே மேடையில் இருந்தவர்கள்! முதல் சுற்றில் வலேசாவுக்கு 40 சதவீதம், மசோவியெட்ஸ்கிக்கு 18. இரண்டாம் இடம் யாருக்குத் தெரியுமா? வெளிநாட்டிலிருந்து திரும்பிய, அதற்கு முன் யாரும் கேள்விப்படாத டைமின்ஸ்கி என்ற வியாபாரிக்கு, 23 சதவீதம். சண்டையைப் பார்த்து அலுத்துப்போன ஜனங்கள் தெரியாத மனிதருக்குப் போட்டார்கள். பதவியில் இருந்த பிரதமர் மூன்றாம் இடத்துக்குப் போனார். இரண்டாம் சுற்றில் வலேசா எளிதாக வென்றார் என்பது வேறு விஷயம்.

1991 அக்டோபரில் முழுச் சுதந்திரமான முதல் சேய்ம் தேர்தல். நம் நாட்டில் தொகுதிக்கு ஒருவர். அதிக வாக்கு வாங்கியவர் ஜெயித்தார், மற்ற வாக்குகள் போயின. அங்கே விகிதாசார முறை. ஒரு பெரிய தொகுதிக்குப் பல இடங்கள். கட்சிகள் வாங்கிய வாக்குக்கேற்ப இடங்களைப் பங்கிடுவார்கள். தொகுதிகளில் குறைந்தபட்ச வாக்கு என்ற நிபந்தனை எதுவும் அப்போது இல்லை. விளைவு, 29 கட்சிகளும் குழுக்களும் சபைக்குள் நுழைந்தன. முதலிடம் பெற்ற ஜனநாயக ஐக்கியத்துக்கே 12.3 சதவீதமும் 62 இடங்களும்தான். பழைய கம்யூனிஸ்டுகள் புதிய பெயரில் 60. பீர் அபிமானிகள் கட்சி என்று ஒரு நகைச்சுவை நடிகர் ஆரம்பித்த கட்சிக்கு 16 இடங்கள். அதுவும் உள்ளே போனபின் 'பெரிய பீர்', 'சின்ன பீர்' என்று இரண்டாக உடைந்தது. சிரிக்கலாம். ஆனால் பதினைந்து வருடங்களுக்கு முன் இதே ஊரில் ஒரே ஜனவரியில் இரண்டு பொங்கல் விழா நடந்ததும், இரண்டு அரங்கிலும் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்ததும் நினைவிருப்பவர்கள் கொஞ்சம் மெதுவாகச் சிரிப்பார்கள்.

1992 ஜூலையில் ஹன்னா சுஹோட்ஸ்கா என்ற பெண்மணி ஏழு கட்சிகளைச் சேர்த்து ஆட்சி அமைத்தார். பத்து மாதம் ஓடியது. 1993 மே 28-இல் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். கொண்டுவந்தது யார்? சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் உறுப்பினர்களே. தேவையான 223 வாக்குகள் துல்லியமாகக் கிடைத்தன. ஒன்று குறைந்திருந்தாலும் ஆட்சி பிழைத்திருக்கும். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரு வாக்கில் விழுந்த அன்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த நிமிடத்தின் கனம் தெரியும். வலேசா சபையைக் கலைத்துவிட்டார்.

அதே மே 28 தேதியிட்ட புதிய தேர்தல் சட்டம் ஒன்று இருக்கிறது. அதுதான் இந்தப் பாடத்தின் நடுப்பகுதி. தனிக் கட்சியானால் நாடு முழுவதும் 5 சதவீதம், கூட்டணியானால் 8 சதவீதம் வாக்கு வாங்க வேண்டும். வாங்காவிட்டால் ஓர் இடமும் கிடையாது. தாண்டியவர்களுக்கு இடம் பங்கிட டோண்ட் முறை.

டோண்ட் முறையைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு தொகுதியில் 5 இடங்கள். அ கட்சிக்கு 1,00,000 வாக்கு, ஆ கட்சிக்கு 60,000, இ கட்சிக்கு 40,000. ஒவ்வொன்றையும் 1, 2, 3 என்று வரிசையாக வகுக்க வேண்டும். அ: 1,00,000, 50,000, 33,333. ஆ: 60,000, 30,000. இ: 40,000, 20,000. வந்த எண்களில் பெரியவை ஐந்தைப் பொறுக்குங்கள்: 1,00,000, 60,000, 50,000, 40,000, 33,333. அ கட்சிக்கு 3 இடம், மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று. பாதி வாக்கு வாங்கிய கட்சிக்கு 60 சதவீத இடம். பெரிய கட்சிக்குக் கொஞ்சம் சாதகமான முறை என்பது இதிலிருந்தே தெரியும்.

1993 செப்டம்பர் 19-இல் தேர்தல். பழைய கம்யூனிஸ்டுகளின் இடதுசாரிக் கூட்டணி 20.4 சதவீதம் வாங்கி 171 இடங்கள் பெற்றது. பழைய துணைக்கட்சியான விவசாயிகள் கட்சி 15.4 சதவீதம், 132 இடங்கள். இரண்டையும் கூட்டினால் 35.8 சதவீத வாக்குக்கு 303 இடங்கள். அதாவது சபையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு! நாட்டில் விழுந்த வாக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், எல்லையைத் தாண்டாத கட்சிகளுக்குப் போய் வீணாயிற்று.

வீணானது எவருடைய வாக்கு? 'தாய்நாடு' என்ற கத்தோலிக்கக் கூட்டணிக்கு 6.4, கூட்டணிக்கு 8 வேண்டுமே, வெளியே. மையக் கட்சிக்கு 4.4, குடியரசுக் கூட்டணிக்கு 2.7, இரண்டும் வெளியே. சாலிடாரிட்டி சங்கத்துக்கு 4.9. ஐந்துக்கு ஒரு பத்தில் ஒரு பங்கு குறைவு. நான்கே வருடத்துக்கு முன் கிடைத்த அத்தனை இடங்களையும் வென்ற பெயர், சேய்ம் வாசலுக்கு வெளியே நின்றது. இந்த நால்வரையும் கூட்டிப் பாருங்கள்: 18.4. முதலிடம் பெற்றவருக்கே 20.4தான். சேர்ந்து நின்றால் வாக்குகள் அப்படியே சேரும் என்று சொல்ல முடியாது; ஒருவரைப் பிடிக்காததால் மற்றவருக்குப் போட்டவர்கள் இருப்பார்கள். அதைக் கழித்தாலும் நூறு இடங்களுக்கு வழி இருந்தது என்பது என் கணக்கு.

பலர் சட்டத்தைக் குறை சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. பிரிந்து போனதைக்கூட நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். வேறு வேறு கொள்கை உள்ளவர்கள் வேறு வேறு கட்சியாவது இயற்கை. ஆனால் சட்டம் அவர்கள் உட்கார்ந்திருந்த சபையிலேயே நிறைவேறியது. ஐந்து, எட்டு என்ற எண்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். பாலம் தாங்கும் எடை எழுதி மாட்டியிருக்கும்போது அதைப் படிக்காமல் வண்டியை ஏற்றுவது, எங்கள் துறையில் விசாரணைக்கு உரிய விஷயம்.

பாடம் படித்தார்களா என்றால், ஒரு தடவை படித்தார்கள். 1996-இல் தொழிற்சங்கத்தின் தலைமையில் பல கட்சிகள் சேர்ந்து 'சாலிடாரிட்டி தேர்தல் நடவடிக்கை' என்ற அணியை உண்டாக்கின. 1997-இல் 33.8 சதவீதம், 201 இடங்கள். யெர்சி புசெக் பிரதமராகி, நான்கு ஆண்டுகள் முழுதும் இருந்தார். பிறகு மறுபடியும் பூசல். 2001-இல் அந்த அணி கூட்டணியாக நின்று 5.6 சதவீதம் வாங்கியது. எட்டு வேண்டும். மறுபடியும் வெளியே.

அந்த 2001-ஆம் ஆண்டிலேயே பழைய சாலிடாரிட்டிக்காரர்கள் பலர் இரண்டு புதிய கட்சிகளாகத் திரண்டார்கள்: குடிமக்கள் மேடை ஒன்று, சட்டமும் நீதியும் என்பது மற்றொன்று. 2005 முதல் 2023 வரை நடந்த ஒவ்வொரு சேய்ம் தேர்தலிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவை இந்த இரண்டும், அவை தலைமை தாங்கிய அணிகளுமே. க்டான்ஸ்கில் ஒரே பக்கம் நின்றவர்களின் வாரிசுகள் இப்போது ஒருவருக்கொருவர் எதிர்க்கட்சி.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. ஒரு தொகுதியில் 6 இடங்கள். நான்கு கட்சிகளுக்கு 48,000, 31,000, 18,000, 15,000 வாக்குகள். டோண்ட் முறையில் இடங்களைப் பங்கிடவும். பிறகு கடைசி இரண்டு கட்சிகளும் ஒன்றாக நின்றதாக வைத்து மறுபடியும் பங்கிடவும். யாருக்கு ஓர் இடம் குறைகிறது என்று பார்த்து, விடையை அடுத்த வாசகர் வட்டத்துக்குக் கொண்டுவரவும். கால்குலேட்டர் கூடாது.