விமானியாக விரும்பும் பிள்ளைக்கு: காணியை ஈடு வைக்குமுன் கண்ணைச் சோதியுங்கள்

தீவகப் பிள்ளைகளிடம் என்னவாக வர விருப்பம் என்று கேட்டால், ஆசிரியர், தாதி, வெளிநாடு என்ற பதில்களுக்கிடையே "விமானி" என்பதும் வரத் தொடங்கியிருக்கிறது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. இடையில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. பெற்றோரோ வானில் இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் ஓடிய தலைமுறை. அவர்கள் தயங்குவதைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் பயணிகள் விமானம் நமக்குப் புதிதல்ல. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதற் பறப்பே இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகத்தான் சென்னை சென்றது.

பணத்தைப் பற்றிப் பேசுமுன் மருத்துவப் பரிசோதனை. தொழில்முறை விமானிக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதை சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த வைத்தியரிடமே பெறவேண்டும். கண்ணாடி அணிவது தடையல்ல. அணிந்த பின் பார்வை அளவுக்கு வந்தாற் போதும். நிறக்குருடுதான் பெரிய தடை. அது பிறவியிலேயே, பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வருவது. பிள்ளைக்கே தெரியாமலும் இருக்கும். காணியை ஈடு வைத்துக் கட்டணம் கட்டிய பின் இதை அறிவதைப் போன்ற துயரம் வேறில்லை. சாதாரண தரம் முடித்தவுடனேயே யாழ்ப்பாணத்தில் ஒரு கண் வைத்தியரிடம் காட்டிவிடலாம்.

அடுத்தது படிப்பு. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றிலும் நல்ல சித்தி தேவை. உயர்தரத்தில் பௌதிகமும் கணிதமும் படித்தவருக்கு விமானக் கம்பனிகளின் கதவு எளிதாகத் திறக்கும். ஆங்கிலத்தில் ஆறு படிகளில் நான்காவதையாவது எட்டவேண்டும் என்பது சர்வதேச விதி. வானொலியில் கேட்பதை உடனே விளங்கிப் பதில் சொல்லவேண்டும். இலக்கணம் மனப்பாடம் செய்து இதற்குத் தேற முடியாது.

எழுத்துப் பரீட்சைகளில் வானிலையும் திசையறிதலும் முக்கியமானவை. இங்கே நமது பிள்ளைகள் பின்தங்கியவர்கள் அல்லர். விமானியும் கடல்மைலில்தான் தூரம் அளக்கிறார். பலாலி ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் 05, 23 என்று எண்கள் உண்டு. அவற்றைப் பத்தால் பெருக்கினால் திசைகாட்டியின் பாகை வரும்: ஒன்று வடகிழக்கு, மற்றது தென்மேற்கு. விமானம் காற்றை எதிர்த்தே எழும்பவேண்டும். வாடை வீசினால் ஒரு முனை, சோளகம் வீசினால் மறு முனை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகோட்டுபவரிடம் காற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பாடத்தின் பாதி அவரிடம் இருக்கிறது.

அனுமதிப்பத்திரங்கள் படிப்படியாக வரும். தனியார் விமானி அனுமதிக்கு 17 வயதும் 40 மணிநேரப் பறப்பும், வணிக விமானி அனுமதிக்கு 18 வயதும் பொதுவாக 200 மணிநேரமும் வேண்டும். பயணிகள் விமானத்தின் தலைமை விமானியாவதற்கான அனுமதிக்கு 21 வயதும் 1500 மணிநேரமும் தேவை. நம் நாட்டில் பறக்கப் பழகுவோர் பெரும்பாலும் இரத்மலானைக்கே போகிறார்கள். ஆகவே கொழும்பில் தங்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

வணிக அனுமதிவரை வர இன்று ஒரு கோடி ரூபாயை எட்டக்கூடிய செலவாகும். எரிபொருளும் உதிரிப்பாகங்களும் டொலரில் வருவதால் கட்டணம் நிலையாக நிற்காது. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. பாதிப் பயிற்சியில் நின்றவருக்கு அதன் பொருள் விளங்கும்.

எனவே பாடசாலையைத் தெரிவுசெய்யும்போது, அதிகாரசபையின் அங்கீகாரம் அதற்கு உண்டா என்று அதிகாரசபையிடமே கேளுங்கள். பறக்கக்கூடிய நிலையில் எத்தனை விமானங்கள், எத்தனை பயிற்றுனர்கள் என்று விசாரியுங்கள். முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டாமல் பறந்த மணிநேரத்துக்கு ஏற்பச் செலுத்துங்கள். வெளிநாட்டில் "மலிவாக" முடித்துத் தருவதாக முகவர் சொன்னால், அந்த அனுமதியை இங்கே மாற்ற எழுதவேண்டிய பரீட்சைகளையும் அதற்கான செலவையும் எழுத்தில் கேளுங்கள். பெரிய விமானம் ஒன்றை ஓட்ட அந்த வகைக்குரிய தனிப் பயிற்சியும் பின்னர் வரும். 200 மணிநேரம் முடித்த கையோடு வேலை கிடைக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. சொல்பவரிடம் பணம் கொடுக்கவேண்டாம்.

விமானப்படையில் சேர்ந்தால் பயிற்சிச் செலவு அரசுடையது. ஆனால் அது படைச் சேவை. பிள்ளையும் வீட்டாரும் இருந்து பேசியே முடிவெடுக்கவேண்டும். மருத்துவத்தில் தவறியவர்கள் விமானப் பராமரிப்புப் பொறியியலைப் பற்றி விசாரிக்கலாம். அதற்கும் அதே கணிதமும் பௌதிகமும் ஆங்கிலமும்தான் வேண்டும்.