‘கார்பிள்டு’ மிளகும் ‘கிராஸர்’ என்ற பெயரும்

கொச்சி மிளகுச் சந்தையின் விலை விவரத்தில் ‘கார்பிள்டு’, ‘அன்கார்பிள்டு’ என இரண்டு வகை வரும். ஆங்கில அகராதியைப் புரட்டினால் ‘கார்பிள்’ என்பதற்குத் திரித்தல், குளறுபடி செய்தல் என்றே பொருள் போட்டிருக்கும். அதை நம்பினால் முதல் வகையை மட்டச் சரக்கு என்று எண்ணிவிடுவோம். உண்மை நேர்மாறு. கார்பிள்டு மிளகே உயர்ந்தது. விலையும் அதற்கே கூடுதல்.

சலித்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது இது. மிளகும் இலவங்கமும் அரபு வணிகர் கைமாறி இத்தாலிக்கும், அங்கிருந்து மேலை நாடுகளுக்கும் சென்றபோது இந்தச் சொல்லும் கூடவே சென்றது. சரக்கைப் புடைத்துச் சலித்துத் தூசி, காம்பு, பொக்கு நீக்குவதே கார்பிள். பழைய இங்கிலாந்தில் நீக்கிய கழிவுக்கும் இதே பெயர் வழங்கியது. லண்டனில் கப்பலில் வந்திறங்கும் வாசனைச் சரக்கைச் சோதித்துச் சலிப்பதற்கென்றே ‘கார்பிளர்’ என்ற அதிகாரி இருந்தார். பிறகு, ஒருவர் பேச்சில் தமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பதையும் கார்பிள் என்றார்கள். அதுவே திரித்தலாக முடிந்தது. வீட்டில் கெட்டுப்போன சொல் கடையில் மட்டும் கெடாமல் இருக்கிறது!

‘எம்.ஜி.1’ என்று நாம் சொல்வது ‘மலபார் கார்பிள்டு’ என்பதன் சுருக்கமே. ஆகவே ஆர்டர் கொடுக்கும்போது வெறுமனே ‘மிளகு’ என்று எழுதாமல் எந்த வகை என்று குறிப்பிடுவோம். கார்பிள்டு விலை கொடுத்த மூட்டையில் பொக்கு மிகுந்திருந்தால் கேட்க அப்போதுதான் நமக்கு வாய் இருக்கும்.

லண்டனில் அந்தச் சலிப்புப் பொறுப்பு மிளகு வணிகர் வழிவந்த கிராஸர் சங்கத்திடம் இருந்தது. மிளகு வணிகர் சங்கம் 1180-லேயே இருந்தது. அரசர் அனுமதியின்றி நடத்தியதற்காக அபராதமும் கட்டியது. அவர்களே பின்னர் கிராஸர் எனப்பட்டு, 1428-இல் அரச சாசனம் பெற்றார்கள். சங்கச் சின்னத்தில் இன்றும் பொதி சுமக்கும் ஒட்டகம் நிற்கிறது.

இன்று மளிகைக் கடைக்காரரைக் குறிக்கும் ‘கிராஸர்’ அன்று மொத்த வியாபாரியைக் குறித்தது. ‘கிராஸ்’ என்றால் பெரியது, மொத்தம். 144 உருப்படிகளை ஒரு கிராஸ் என்பதும் ‘பெரிய டஜன்’ என்ற கருத்தில்தான். அதன் உறவான ‘எங்கிராஸ்’ என்ற சொல்லோ குற்றத்தின் பெயர். சந்தைச் சரக்கை வளைத்து வாங்கி விலை ஏற்றுவது அது. இந்த வணிகர்கள் எல்லாச் சரக்கையும் வளைத்துக்கொள்கிறார்கள் என்று 1363-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டமே குறைகூறுகிறது. அங்கே அந்தக் குற்றம் 1844-இல் அறவே நீக்கப்பட்டது. நம் நாட்டிலோ 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் அரசு இருப்பு வரம்பு விதிக்கலாம், மீறினால் பதுக்கல்.

‘ரீடெயில்’ என்பதற்கு வெட்டிக் கொடுத்தல் என்று மூலப்பொருள். துணி வெட்டும் டெய்லரும் அதே குடும்பம். நம் ‘சில்லறை’யும் சிறு துண்டு என்ற எண்ணத்தில் எழுந்ததே.

பில்லில் வரும் ‘நெட்’ பிரெஞ்சு மொழியில் ‘சுத்தமான’ என்று பொருள்படும். மூட்டை எடையில் சாக்கு எடையாகிய ‘டேர்’ போக மிஞ்சுவது அது. டேரும் அரபுச் சொல்லே: ‘தள்ளியது’. மூட்டை வாங்கும்போது சாக்குக் கழிவை நாம் விடாமல் கேட்கிறோம். இனிப்பை அட்டைப் பெட்டியோடு சேர்த்து நிறுத்துக் கொடுக்கும் கடைகளில் வாடிக்கையாளரும் அதையே கேட்கலாம். எடையளவுச் சட்டப்படி பொட்டலத்தில் குறிக்க வேண்டிய நிகர எடையில் பெட்டியோ காகிதமோ சேராது.