உச்சியை மிதிக்காத மலை

சிக்கிம் மாநிலத்தில் யுக்சம் என்ற சிற்றூர் இருக்கிறது. வண்டிப் பாதை அங்கே முடிகிறது. அனுமதிச் சீட்டு வாங்கி, கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவுக்குள் நடந்துதான் போக வேண்டும்.

கஞ்சன்ஜங்கா சிகரத்தின் உயரம் 8,586 மீட்டர். இந்தியாவில் இதுவே மிக உயர்ந்தது. கீழே அடர்ந்த காடு. மேலே பனி. சித்திரை, வைகாசியில் குராஸ் மரங்கள் சிவப்பாகப் பூக்கும். சிவப்புப் பாண்டாவும் பனிச்சிறுத்தையும் இங்கே வாழ்கின்றன.

லெப்சா, பூட்டியா மக்களுக்கு இந்த மலை காவல் தெய்வம். ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். 1955-இல் பிரிட்டிஷ் வீரர்கள் முதன்முதலாக மலை ஏறினார்கள். உச்சியை மிதிப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். சொன்ன சொல்லைக் காத்தார்கள்.

பிறகு, சுற்றிப் பார்க்க வருவோர் பெருகினார்கள். அடுப்பெரிக்க மரம் வெட்டப்பட்டது. பிளாஸ்டிக் குப்பை சேர்ந்தது. யுக்சம் மக்கள் சும்மா இருக்கவில்லை. 1996-இல் ஒரு குழு அமைத்தார்கள். பயணிகள் கொண்டு போகும் பொருள்களைப் பட்டியல் எழுதினார்கள். திரும்பும்போது சரிபார்த்தார்கள். மேலே போன குப்பை கீழே வந்தாக வேண்டும். ஒரு சிறு பட்டியலும் காட்டைக் காக்கும்!

2016-இல் யுனெஸ்கோ இப்பூங்காவை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. இயற்கை, பண்பாடு இரண்டுக்கும் சேர்த்து இப்பெருமை பெற்ற முதல் இந்திய இடம் இதுதான்.

பேசுவோம்

1. மலை ஏறிய வீரர்கள் ஏன் உச்சியை மிதிக்கவில்லை?
2. பட்டியல் எழுதியதால் என்ன பயன்?
3. நம் ஊர்க் குளத்துக்கும் காட்டுக்கும் யார் காவல்?